போத்தனூர்த் துரையின் கடிகாரம்

எங்கள் ஹோட்டல் சமையலறையில், தோசைக்கல்லுக்கு மேலே, சுவரில் இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருக்கின்றன. ஒன்று நியூ ஜெர்சி நேரம் காட்டும். இன்னொன்று அதைவிட ஐந்து மணி நேரம் முந்தி ஓடும். எண்ணெய்ப் புகை படிந்து படிந்து அதன் கண்ணாடி தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. சுகாதார இன்ஸ்பெக்டர் வரும்போதெல்லாம் அதை நிமிர்ந்து பார்த்து, கடிகாரம் தப்பாக ஓடுகிறதே என்பார். சரியாகத்தான் ஓடுகிறது என்பேன். கழற்றிவிடலாம் என்று என் மகனும் சொல்லிப் பார்த்துவிட்டான். என் கட்டடத்தில், என் சுவரில் எது தொங்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன். அது துரை மாட்டிய கடிகாரம்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். உடுமலைப்பேட்டையில் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் டேபிள் துடைத்தேன், துபாயில் சமைத்தேன், கப்பலில் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்தேன். அப்படி வந்து சேர்ந்தவனுக்கு இன்று மூன்று ஹோட்டல். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் காலை ரயில் பிடிக்கிற தமிழர்களில் என் இட்லியைத் தின்னாதவர்கள் குறைவு. பெரிய படிப்புப் படித்தவர்கள் என் கல்லாவுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஒரு காரியம் ஆக வேண்டுமானால் யாரைப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு தேசத்திலும் ஆள் வைத்திருக்கிறேன். அந்த ஆள்பலம் முழுக்க ஒரே ஒரு தடவை ஒன்றுக்கும் உதவாமல் போனது. அது துரை விஷயத்தில்தான்.

துரை என்பது அவன் பெயரல்ல, சமையலறை வைத்த பட்டம். போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவன். அவனுடைய தாத்தா அயர்லாந்தில் பிறந்து, ரயில் என்ஜின் ஓட்டுவதற்காகப் போத்தனூர் வந்து, அங்கேயே ஒரு தமிழ்ப் பெண்ணை மாதா கோயிலில் கட்டிக்கொண்டு, அங்கேயே மண்ணாகப் போனவர். தாத்தாவின் பூனைக்கண்ணும் சிவந்த தோலும் பேரனுக்கு அப்படியே வந்திருந்தன. வாயைத் திறந்தால் மட்டும் கோயம்புத்தூர். புதிதாக வரும் வாடிக்கையாளர்கள் அவனைப் பார்த்ததும் நாக்கை மடித்து இங்கிலீஷில் ஆர்டர் சொல்வார்கள். அவன் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்து, "ரோஸ்ட்டு முறுகலா வேணுங்களா, பதமா வேணுங்களா?" என்பான். அவர்கள் முழிப்பதைப் பார்த்து உள்ளே பாத்திரம் கழுவுகிறவர்கள்கூடச் சிரிப்பார்கள். "துரைமாரே, மகாராணிகிட்டச் சொல்லிட்டு அந்தச் சட்னியக் கொஞ்சம் அரைங்க" என்று தந்தூரி மாஸ்டர் சீண்டுவார். "மகாராணிக்கும் எங்க தாத்தன் ஊருக்கும் ஆகாதுங்க. வெவரந் தெரியாமப் பேசாதீங்க" என்று இவன் திருப்பிக் கொடுப்பான்.

விசிட் விசாவில் வந்தவன். விசா முடிந்தது, அவன் இங்கேயே தங்கிவிட்டான். இந்த நாட்டில் அப்படி எத்தனையோ பேர். போத்தனூரில் மனைவி இறந்தபோது அவன் போகவில்லை. போனால் திரும்ப முடியாது, திரும்பாவிட்டால் மகளின் நர்ஸிங் படிப்பு நின்றுபோகும். அன்றைக்கு அவன் செய்ததெல்லாம் மாவு அரைத்ததுதான். அந்த மகள் படித்து முடித்தாள். ஆஸ்பத்திரி வேலைக்கு ஏஜென்சி மூலம் எந்த நாடு போனாள் தெரியுமா? அயர்லாந்து. அங்கே கார்க் என்ற ஊரில் கல்யாணம் ஆகி, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அந்தச் செய்தி வந்த வாரம்தான் துரை இந்தக் கடிகாரத்தை வாங்கி வந்து ஆணி அடித்தான். "புள்ள டூட்டில இருக்காளா, வூட்ல இருக்காளான்னு தெரியோணுமுங்க" என்றான். காலை டிபன் கூட்டம் ஓய்ந்ததும் அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவளிடம் பேசிக்கொண்டே வேலை செய்வான்.

அவளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் அந்தப் போனில்தான். புற்று. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. விமானத்தில் எங்கும் போகக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவளால் வர முடியாது, இவனால் போக முடியாது. இங்கிருந்தே அயர்லாந்துக்கு விசா கேட்டான், மறுத்துவிட்டார்கள். இந்தியா போய்க் கேட்கலாமா என்று வக்கீலை விசாரித்தோம். வீடில்லை, வேலையில்லை, மனைவியும் இல்லை. திரும்பி வருவார் என்பதற்கு ஆதாரமே இல்லாதவருக்கு யார் விசா கொடுப்பார்கள் என்று கேட்டார். அப்போது அவனுடைய மருமகன்தான் அங்கே விசாரித்து அந்த வழியைச் சொன்னான். தாத்தா அயர்லாந்தில் பிறந்தவராக இருந்தால் பேரன் குடியுரிமைக்கு எழுதிப் போடலாம். விசா கேட்கிற ஆளாக அல்ல, அந்த நாட்டு ஆளாகவே போய் இறங்கலாம்.

துரை என் முன்னால் வந்து நின்றான். மற்ற நாளில் நான் நாலு சத்தம் போட்டாலும் சிரித்துக்கொண்டே போகிறவன், அன்றைக்கு ஏப்ரனை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றான்.

"மொதலாளி, எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. புள்ளயக் கண்ணால பாக்கோணும். அவ்வளவுதானுங்க."

"யோவ், இதெல்லாம் ஒரு காரியமாய்யா? நான் பாத்துக்கறேன், போ" என்றேன்.

மூன்று தலைமுறைக்கும் காகிதம் வேண்டும். தாத்தா பிறந்தது, கல்யாணம் செய்தது, அப்பா பிறந்தது, இவன் பிறந்தது என்று சங்கிலி அறாமல் காட்ட வேண்டும். கடல் தாண்டியிருந்த தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் சுலபமாக வந்துவிட்டது. அப்பாவுடையதுதான் கிடைக்கவில்லை. அப்பாவின் பள்ளிச் சான்றிதழ், ரயில்வே சர்வீஸ் புத்தகம், கல்யாணப் பதிவு, எதை எடுத்தாலும் பிறந்த ஊர் போத்தனூர். போத்தனூரில் தேடினால் அப்படி ஒரு பிறப்பே பதிவாகவில்லை. நான் சும்மா இருப்பேனா? கோயம்புத்தூரில் என் தங்கை மகனை வேலைக்கு லீவு போட வைத்தேன். கவுன்சிலரைப் பிடித்தேன். ரிட்டயரான தாசில்தார் ஒருவரைக் காரில் அனுப்பினேன். மாதா கோயில், ரயில்வே ஆபீஸ், மாநகராட்சி என்று ஒன்று விடவில்லை. ஒரு புரோக்கர், கவலைப்படாதீர்கள், பழைய காகிதத்திலேயே ஒன்று அடித்துத் தருகிறேன் என்றான். எனக்குச் சபலம் தட்டியது, மறைக்கவில்லை. துரை ஒப்பவில்லை. "கள்ளக் காயிதத்துல போயி மாட்டுனா, அப்பறம் எந்தக் காலத்துலயும் உள்ள வுட மாட்டாங்க. புள்ள வாசலப் பாத்துட்டுக் கெடக்கறா" என்றான்.

மாதங்கள் ஓடின. அரிசி டப்பாவில் சாய்ந்திருந்த போனில் அந்தப் பெண்ணின் முகம் வாரத்துக்கு வாரம் சிறுத்துக்கொண்டே வந்தது. ஆனால் பேச்சு மட்டும் சிறுக்கவில்லை. "அப்பா, உங்க மூஞ்சியத்தான் தெனமும் பாக்கறனே, அந்தக் கல்லக் காட்டுங்க" என்பாள். அவளால் எதையும் விழுங்க முடியாது. மாவு விழும்போது வருகிற அந்தச் சுர் என்ற சத்தத்தைக் கேட்க வேண்டும். துரை போனைக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஆர்டர் இல்லாத தோசைகளை ஊற்றுவான். போனை வைத்ததும் அந்தத் தோசைகளை எடுத்துத் தானே குப்பையில் போடுவான். ஒரு விள்ளலும் அவன் வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் போன் அணைந்த பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஊர்ல மட்டும் நேரம் வேகமா ஓடுதுங்க மொதலாளி" என்றான். நூறு பேருக்கு வேலை கொடுத்தவன் நான். அந்தத் தோசைக் குப்பையை நானே தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் மில்பிடாஸிலிருந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளே டாக்டர், கலிஃபோர்னியாவில் அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே பெற்றுக்கொள்ளலாம். என் வீட்டுக்காரி விடவில்லை. தலைப்பிள்ளையைத் தாய் வீட்டில்தான் பெற வேண்டும் என்று விமானத்தில் ஏற்றி வரவழைத்துவிட்டாள். ஆண் குழந்தை. பத்தியச் சாப்பாடு துரை பொறுப்பு. ஒருநாள் மதியம் பூண்டுக் குழம்புத் தூக்கோடு அவன் வந்தபோது, தொட்டிலைச் சுற்றி வீட்டில் ஒரே சண்டை.

"என் பையன் மில்பிடாஸ் பையன், மாமா. ஃபுட்பால்ல எங்க டீம்தான்" என்றார் மாப்பிள்ளை.

"நோ வே. ஹி இஸ் எ ஜெர்சி பாய். பர்த் சர்டிஃபிகேட்டைப் பாருங்க" என்றாள் மகள்.

"எந்த ஊருன்னு கேட்டா அப்பன் ஊரைத்தாண்டி சொல்லணும். சர்டிஃபிகேட்டையா தூக்கிக் காட்டுவ?" என்று என் வீட்டுக்காரி முடித்துவைத்தாள்.

எல்லோரும் சிரித்தோம். துரை சிரிக்கவில்லை. கையில் தூக்கோடு கதவருகே நின்றவன், "மொதலாளி" என்றான். "எங்கப்பன் தலைச்சம் புள்ளைங்க."

எனக்கு அப்போதும் ஓடவில்லை. அவன்தான் சொன்னான். அவனுடைய பாட்டிக்குத் தாய் வீடு திண்டுக்கல். வெள்ளைக்காரரைக் கட்டினால் என்ன, தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே நடந்திருக்கும். பிறந்தது அங்கே, பதிவும் அங்கேதான், ஆனால் வாழ்நாள் முழுக்க யார் கேட்டாலும், எந்தக் காகிதத்தில் கேட்டாலும், அப்பன் ஊரான போத்தனூரையே சொல்லியிருக்கிறார். நாம் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்? என்னை எங்கே பிறந்தாய் என்று கேட்டால் உடுமலை என்றுதான் வாயில் வரும். நான் பிறந்தது என் அம்மா ஊரான தாராபுரத்தில். அத்தனை பேர் தேடினோம். கவுன்சிலர், தாசில்தார், நான், ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அது எங்களுக்குத் தப்பாகவே படவில்லை.

திண்டுக்கல்லில் தேடியதும் கிடைத்தது. பெயரில்லாத ஒரு ஆண் குழந்தை, தகப்பன் பெயர் மட்டும். குழந்தையின் பெயருக்கு ஆதாரமாக அங்கேயே மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவும் கிடைத்தது. விண்ணப்பத்தில் அவனை நேரில் அறிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருஷமாக என்னைவிட அவனை யார் அறிவார்கள்? பேனாவை எடுத்தேன். டாக்டர், வக்கீல், போலீஸ் என்று அதற்கு ஒரு பட்டியல் உண்டாம். ஹோட்டல்காரன் அதில் இல்லை. மூன்று ஹோட்டல் வைத்திருந்தாலும் இல்லை. கடைசியில் என் மகள்தான், பள்ளிக்கூட நாளில் அவன் கட்டிக்கொடுத்த டிபனைத் தின்று வளர்ந்தவள், மடியில் பிள்ளையோடு கையெழுத்துப் போட்டாள். துரை அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பிறகு காத்திருப்பு. துரையின் மகளுடைய நிலைமையை எழுதிச் சீக்கிரம் பார்க்கச் சொல்லிக் கேட்டோம். மரியாதையாகப் பதில் வந்தது, எப்போது முடியும் என்ற தேதி வரவில்லை. போனில் அந்தப் பெண் இப்போது பேசுவதில்லை, கேட்பதோடு சரி. கல்லில் மாவு விழும் சத்தம் முடிந்ததும் கையை மட்டும் லேசாகத் தூக்குவாள், இன்னொன்று என்பதுபோல. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன், அவனுடைய மாதாவையும் சேர்த்து. அன்றைக்கு என் சொத்தில் பாதியைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

குடியுரிமை பதிவாகிவிட்டது என்ற செய்தி வந்ததும் துரை போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து மகளைக் கூப்பிட்டான். பாஸ்போர்ட்டும் வந்தது. ஏர்போர்ட்டுக்கு நான்தான் காரோட்டிக்கொண்டு போனேன். இங்கிருந்து ஒருமுறை வெளியேறினால் அவன் திரும்ப வர முடியாது என்று இருவருக்கும் தெரியும். வழியெல்லாம் சாம்பாருக்கு எந்தக் கடைப் பருப்பு வாங்க வேண்டும் என்பதையே சொல்லிக்கொண்டு வந்தான். இறங்கும்போதுதான், "அந்தக் கடியாரத்துக்கு மட்டும் பேட்டரி மாத்தீருங்க. அமெரிக்காக்காரன் நேரத்த மாத்தறப்ப அதத் தொட்றாதீங்க" என்றான்.

போய்ச் சேர்ந்த மறுநாள் கூப்பிட்டான். "பாத்துட்டனுங்க" என்றான். பிறகு சொன்னான், "அரை ரோஸ்ட்டுத் தின்னாளுங்க மொதலாளி. அவளே கையில புட்டுத் தின்னா." சொற்ப நாள்தான் இருந்தாள். போத்தனூரில் நாங்கள் தேடித் தொலைத்த மாதங்கள் எல்லாம் அவன் அவள் கட்டில் அருகே உட்கார்ந்திருக்க வேண்டிய மாதங்கள். எதைத் தின்றாலும் அந்தக் கணக்கு எனக்குச் செரிப்பதில்லை. அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மருமகன் வேலைக்குப் போக, பேத்தியைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டு அங்கேயே இருக்கிறான். எனக்கோ முழங்கால் தேய்ந்துபோய், இவ்வளவு தூரம் உட்கார்ந்து போகக்கூடாது என்று என் மகள் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாள். அவன் வரவும் முடியாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வெயில் காலத்துக்காக இந்த நாட்டில் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கிற நாள். தந்தூரி மாஸ்டர் ஸ்டூலைப் போட்டு ஏறி எங்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்தார். "மொதலாளி, துரையோடதையும் தள்ளட்டுங்களா?" என்று கேட்டார். "அதைத் தொடாதய்யா" என்றேன். அந்த ஊரில் மாற்றுவதற்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. காலைக் கூட்டம் ஓய்ந்ததும் போனை எடுத்து அரிசி டப்பாவின் மேல் சாய்த்துவைத்தேன். அவன் முகம் வந்தது, பக்கத்தில் பூனைக்கண்ணோடு பேத்தி. "யோவ், உன் மூஞ்சியத்தான் தெனமும் பாக்கறனே, கல்லக் காட்டு" என்றேன். காட்டினான். சுர் என்றது. தலைக்கு மேலே இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவில் நேற்றிலிருந்து நாலு மணி நேரந்தான்.