இறங்கும் வித்தை

சைக்கிளிலிருந்து இறங்குவதில் என் மாமாவை மிஞ்ச ஆம்பூரில் ஆள் கிடையாது. ஓடுகிற வண்டியிலேயே வலக்காலைப் பின்னால் வீசி, இடக்காலில் நின்றபடி பத்தடி மிதந்து வந்து, கால் மண்ணில் பட்டதே தெரியாமல் நடக்கத் தொடங்கிவிடுவார். பெரிய தெரு முனை வந்தால் இந்த வித்தை தவறாமல் நடக்கும். முன் பாரில் உட்கார்ந்திருக்கும் என்னையும் இறக்கிவிட்டு, தெரு முடியும் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். அங்கே மாடி வைத்த மெத்தை வீடுகள் அதிகம், பார்க்கிற கண்களும் அதிகம். அதனால்தான் அங்கே இறங்கிக் காட்டுகிறார் என்பது ஏழு வயதில் என் தீர்மானம்.

மாமாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. சைக்கிள், சீமைக்குத் திரும்பிய பாதிரியார் ஒருவர் விட்டுப்போனது. எங்கள் சேரியில் அது ஒன்றுதான். வீட்டில் இரண்டு வேளைக் கூழில் ஒரு வேளை குறையும். செயினுக்கு எண்ணெய் குறையாது.

ஒரு நாள் வேலூரிலிருந்து மோட்டார் ஏஜெண்டு ஒருவர் புதுக் காரோடு வந்தார். கூடவே முக்காலியும் கறுப்புத் துணியுமாக ஒரு போட்டோக்காரர். விளம்பரத்துக்குப் படம் வேண்டுமாம்: பெரிய ரோடு, புளியமரம், கார், பக்கத்தில் ஒரு சைக்கிள்காரன். மாமாவைக் கூப்பிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் தண்டோரா போட்டுவிட்டேன்.

அந்தக் காரை இன்றும் குறை சொல்ல மாட்டேன். பிற்பாடு எத்தனையோ வண்டிகளில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தாயிற்று. அப்படி ஒரு பளபளப்பைப் பார்க்கவில்லை. வெளுத்த சட்டையில் மாமா அதற்கு இணையாகச் சைக்கிள் விட்டபோது இரண்டும் ஜோடி போலவே இருந்தன.

ஏஜெண்டுக்குத் திருப்தி இல்லை. "அப்படி இல்லப்பா. கார் வருது. நீ எறங்கி ஓரமா நின்னு ஒரு சலாம் வை."

"ரோடு இவ்ளோ அகலமா கெடக்குதே சாமி. நான் ஓரமாவே ஓட்றேன்."

"ஓட்டினா கார் எடுபடாதுய்யா. எறங்கு."

எனக்குக் குதூகலம். அவருடைய வித்தையை அல்லவா கேட்கிறார்கள்! "எறங்கு மாமா! பெரிய தெருவுல எறங்குவியே, அப்டி!" என்று கத்தினேன்.

கார் டிரைவர் சிரித்தான். "கொழந்தைக்கே தெரிஞ்சிருக்குது. உனக்கு இன்னாய்யா பேஜாரு?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு ஏஜெண்டிடம் மெதுவாகச் சொன்னார்: "தெருவுல எறங்கினா தெரு முடிஞ்சதும் ஏறிக்குவேன் சாமி. படத்துல எறங்கினா எப்ப ஏறுவேன்?"

அப்படியே மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

தண்டோரா போட்ட எனக்குத்தான் மானம் போயிற்று. பல நாள் அவரோடு பேசவில்லை. கடைசியில் அவரே என்னைப் பாரில் தூக்கி வைத்து, ரயில்வே கேட்டருகே ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்க்கக் கூட்டிப்போனார். தலைப்பாகை கட்டிய வேறு யாரோ சைக்கிளைப் பிடித்து நின்று, காருக்குச் சலாம் வைத்துக்கொண்டிருந்தான். கீழே கொட்டை எழுத்து. பின்னால் மூன்றாம் வகுப்போடு நின்றுபோன என் படிப்பு அதற்குப் போதும். "வழி தானே விலகும்" என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

மாமா கிட்டே போய்ப் பார்த்தார். "கார் ஜோரா கீது. அந்தாளு டயர்லதான் காத்து கம்மி" என்றார்.

திரும்பும்போது பெரிய தெரு முனை வந்தது. மாமா எப்போதும்போல மிதந்து இறங்கினார். என்னை இறக்கவில்லை.

"நானு?"

"நீ குந்திக்கினே வா."

மெத்தை வீட்டுக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். "இன்னாடா இது?" என்று ஒருவர் அதட்டினார். மாமா தள்ளிக்கொண்டே நடந்தார். இத்தனை பேர் பார்ப்பது எங்கள் வித்தையைத்தான் என்று நினைத்துக்கொண்டு, தெரு முடியும் வரை நான் மணி அடித்துக்கொண்டே போனேன்.