மகேந்திரராசா கை தூக்கினால்

மூடி போட்ட எதைக் கண்டாலும் திறந்து பார்க்கும்வரை மகேந்திரராசாவுக்கு இருப்புக்கொள்ளாது. ஐம்பத்தெட்டு வயதாகியும் அந்தக் குணம் அவரை விட்டுப் போகவில்லை. மொன்றியலில் இருபத்தாறு வருடங்களாக அவர் இழந்த வேலைகள் எல்லாம் அதனால் போனவைதான். டோர்வலில் விமானத்துக்குப் பயணப்பெட்டிகள் ஏற்றிய காலத்தில், ஒவ்வொரு பெட்டியையும் காதோடு வைத்துக் குலுக்கி, உள்ளே என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு நிற்பார். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். கோட்-டெ-நெய்ஜில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைத் துப்புரவு செய்தபோது, எந்நேரமும் சாத்திக் கிடந்த கதவு ஒன்றைத் தள்ளிப் பார்த்தார். தீ மணி அடித்தது. ஆறு மாடிச் சனமும் பைஜாமாவோடு தெருவில் நடுங்கிக்கொண்டு நின்றது. கதவுக்குப் பின்னால் இருந்தவை கூட்டித் துடைக்கும் நாலு தும்புத்தடிகள்.

"உங்கடை மூக்கை வெட்டினால்தான் இந்தக் குடும்பம் உருப்படும்" என்பார் மனைவி குணேஸ்வரி.

அந்த மூக்குக்கென்றே ஒரு வேலை இந்த ஊரில் இருக்கும் என்று யார் கண்டார்கள்? பனி கொட்டி முடிந்ததும், சின்ன வண்டிகள் நடைபாதையில் கிடப்பதையெல்லாம் தெருவோரத்துக்குத் தள்ளிவிடும். பெரிய வண்டிகள் அதை ஒதுக்கி மதில்போல் ஆக்கும். பிறகு ஸ்னோபுளோவர் வந்து, அந்த மதிலை அப்படியே விழுங்கி, பக்கத்தில் ஊர்ந்து வரும் லொறிக்குள் துப்பும். அந்த இயந்திரத்துக்கு முன்னால் ஓர் ஆள் நடக்க வேண்டும். மதிலுக்குள் ஆளோ பொருளோ அகப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். சந்தேகம் வந்தால் கையைத் தூக்கினால் போதும், இயந்திரம் நிற்கும். பார்ப்பதற்குச் சம்பளம்! நாலு குளிர்காலமாக மகேந்திரராசா அந்த வேலையில் ராசா மாதிரி நடந்தார்.

இந்தக் குளிர்காலம் வந்துதான் கெடுத்தது. மூன்று கிழமைக்குள் ஆறு புயல். மதில் அவருடைய தலைக்கு மேலே போய்விட்டது. தெருவோரம் நின்ற கார்கள் எங்கே என்று சொந்தக்காரருக்கே தெரியவில்லை. ஒரு தெருவை முடிப்பதற்குள் முந்திய தெரு மூடிக்கொண்டது. லொறிகள் வரிசையில் நின்று உறுமின. சனம் தொலைபேசியில் திட்டித் தீர்த்தது.

அன்று காலை மேற்பார்வையாளன் டனிஸ்ரன் அவரைக் கூப்பிட்டான். இங்கேயே பிறந்து வளர்ந்த பொடியன், ஆனாலும் தமிழ் நன்றாகப் பேசுவான்.

"அங்கிள், நேற்று எட்டுத் தரம் நிப்பாட்டிப் போட்டியள். அஞ்சு ஒற்றைக் கையுறை, ஒரு காஞ்ச கிறிஸ்மஸ் மரம், ரெண்டு தரம் ஒண்டுமே இல்லை. இனி ஒருக்கால் சும்மா நிப்பாட்டினாலும் உங்களை வைச்சிருக்க ஏலாது. பேந்து என்னோடை கோவிக்கக் கூடாது."

"ஓம் தம்பி" என்றார். உள்ளுக்குள் பயந்துபோனார். இந்த வயதில் வேறு யார் வேலை தரப்போகிறார்கள்?

ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட ஒரு தெரு. பத்து மணி இருக்கும். மெல்லிய பனி தூவிக்கொண்டிருந்தது. கைகள் தம்பாட்டுக்கு எழும்பிவிடக் கூடாதென்று அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஒரு சிவப்புத் தொப்பியின் நுனி தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து உருவிப் பார்த்தார், வெறும் தொப்பி. நிற்காமல் நடந்தார். இருபதடி பின்னால் செலீன் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

அப்போதுதான் மதிலின் உச்சியில் அந்தத் தடியைக் கண்டார். தும்புத்தடிக் காம்பு. நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

அது என்னவென்று செலீனுக்குத் தெரிய நியாயமில்லை. மகேந்திரராசாவுக்குத் தெரியும். விருந்துக்குச் சமைத்துக் குளிர்ப்பெட்டி நிரம்பிவிட்டால், குணேஸ்வரியும் சட்டியைப் பல்கனிப் பனிக்குள் புதைத்து, இப்படித்தான் அடையாளம் நடுவார். யாரோ நம் ஆள் வீட்டு வாசலில் புதைத்திருக்கிறார். இந்த வருடம் எது வாசல், எது நடைபாதை என்று யாருக்குத் தெரிந்தது? காலையில் வந்த சின்ன வண்டி, சட்டியையும் தடியையும் சேர்த்து மதிலுக்குள் தள்ளிவிட்டது.

ஒரு சட்டி கறிக்காக வேலையை விடுவதா? மனதைக் கல்லாக்கிக்கொண்டு தாண்டிப் போனார். நாலு அடி போயிருப்பார். ஒரு கேள்வி அவரைப் பிடித்து நிறுத்தியது. விடியற்காலையிலிருந்து பனி தூவுகிறது. தொப்பி, மரக்கிளை, தன் தோள், எல்லாம் வெள்ளை. அந்தத் துணியில் மட்டும் ஒரு பொட்டுப் பனி இல்லை. யார் தட்டியது? எப்போது தட்டியது?

கை எழும்பிவிட்டது.

இயந்திரம் நின்றது. செலீன் எரிச்சலோடு ஹோர்ன் அடித்தாள். பின்னால் வந்த தன் வாகனத்திலிருந்து டனிஸ்ரன் குதித்து, "அங்கிள்!" என்று கத்திக்கொண்டு வந்தான். மகேந்திரராசா அதற்குள் நாலு காலில் மதிலேறி மறுபக்கம் விழுந்திருந்தார்.

நடைபாதைப் பக்கத்தில் யாரோ கையால் மதிலைக் குடைந்திருந்தார்கள். குடைந்த இடம் இடிந்து கிடந்தது. ஒரு சட்டி மூடி. அதற்குப் பக்கத்தில், பனிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டு, இரண்டு சப்பாத்துக் கால்கள்.

"தம்பி, ஓடி வா! ஆள்!"

இருவரும் வெறுங்கையால் தோண்டினார்கள். முகம் நீலம் பாரித்து, ஆனால் மூச்சோடு, ஒரு பெண் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். நாளை மகனுக்குப் பதிவுத் திருமணம், அதற்குச் சமைத்த கறியைத் தேடி வந்து, தடியைப் பிடித்து உலுப்பிக் குடைந்தவர்மேல் மதில் சரிந்திருக்கிறது. உள்ளிருந்து கத்தியதெல்லாம் இயந்திர இரைச்சலில் அமுங்கிப்போயிற்று. பெயர் சிவநேசம் என்றார். அடுத்த பேச்சு, "ஐயோ, சட்டி கொட்டுண்டு போச்சோ?"

டனிஸ்ரன் பனியிலேயே குந்திவிட்டான். செலீன் இறங்கி வந்து, இயந்திரத்தின் வாயையும் அந்தப் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இடையில் எட்டு அடி.

அம்புலன்ஸில் ஏற்றும்போது மகேந்திரராசாவால் அடக்க முடியவில்லை. "அக்கா, என்ன கறி?"

"ஆட்டுக்கறி" என்றார் சிவநேசம், பல் கிட்டிய குளிரிலும் பெருமையோடு.

பிறகு வேலை தொடர்ந்தது. எழுபது எண்பது அடி போனதும் மதிலுக்குள் நீலமாக ஏதோ தெரிந்தது. மகேந்திரராசா தயங்கினார். திரும்பிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். ஹோர்ன் கேட்கவில்லை. கிளறி எடுத்தார். ஒற்றைக் கையுறை. வெட்கத்தோடு தூக்கிக் காட்டினார்.

டனிஸ்ரன் இறங்கி வந்து பக்கத்தில் முழந்தாளிட்டான்.

"மற்றதும் கிடக்கோ எண்டு வடிவாப் பாப்பம், அங்கிள்."