உள்ளங்கைக்குத் தெரிந்த கதவு

பெற்றோர் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு போயிற்று. அதற்கப்புறம் அவர் கள்ளக்கதவுதான். ஊரில் தச்சர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கதவு இருக்கிற இடத்தில் கதவே இல்லாத மாதிரிச் செய்ய வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். புத்தக அலமாரியை இழுத்தால் பின்னால் ஓர் அறை இருக்கும். மாடிப்படிக்கு அடியில் வெறும் பலகைச் சுவர் இருக்கும், அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தினால் வழிவிடும். நகை வைக்க ஒருவர், மாமியார் கண்ணில் படாமல் மத்தியானம் தூங்க ஒருத்தி, கழிப்பறைக் கதவு கூடத்தில் தெரிவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த ஒரு வக்கீல் என்று தினுசு தினுசாக ஆட்கள் வந்தார்கள். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் கூலி என்பார்.

வேலை முடிந்த அன்று வீட்டுக்காரரைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, "கதவு எங்க இருக்கு, கண்டுபிடிங்க பாப்போம்" என்பார். அவர்கள் சுவரைத் தட்டுவார்கள், குனிந்து பார்ப்பார்கள், அசடு வழிவார்கள். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் உழைத்தார் என்று சொல்லலாம்.

கதவைப் பொருத்தியதும் அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அங்கேயே தங்கி உப்புத்தாள் தேய்த்து, பாலிஷ் ஏற்றுவது மனைவி. தனிக்கூலி கிடையாது, வீட்டு ஆள்தானே. பேசவும் மாட்டாள். உள்ளங்கையைப் பலகைமேல் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே நடப்பாள், அவ்வளவுதான். அவர் தொட்டுப் பார்த்ததில்லை. கண்ணால் பார்ப்பது தச்சன் வேலை, தடவிப் பார்ப்பது பாலிஷ்காரி வேலை என்பது அவர் கட்சி.

அறுபதைத் தாண்டியதும் அவளுக்குப் புத்தி தவற ஆரம்பித்தது. மகளை அக்கா என்று கூப்பிட்டாள். செருப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். இதெல்லாம் வீட்டுக்குள் முடிகிற விஷயம். பிறகு வெளியே நடக்கத் தொடங்கினாள். ஒருநாள் தையல் கடையில் வெட்டு மேசையைத் தடவிக்கொண்டு நின்றவளைக் கடைக்காரர் கூட்டிவந்தார். இன்னொரு நாள் பெரிய சாலையின் நடுவில் நின்றாள், இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. வாசலைப் பூட்டிப் பார்த்தார்கள். பிடியைப் பிடித்து உலுக்கி, அலறி, மணிக்கட்டை வீங்க வைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் அவரைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

மகள் வந்தாள். கெட்டவளில்லை, அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பவள். "இன்னொரு தடவை அம்மா தெருவுல நின்னா நான் உங்ககிட்ட கேக்க மாட்டேம்பா. முதியோர் இல்லத்துல சேத்துடுவேன்" என்றாள். அந்த இல்லத்தை அவர் ஏற்கெனவே போய்ப் பார்த்திருந்தார். சுத்தமாகத்தான் இருந்தது. சுவரோரம் நாற்காலிகள், நாற்காலிக்கு ஒருவர், எல்லோரும் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி. சாகும்வரை அவள் தன் கூரையின் கீழ்தான் என்று அவர் முடிவெடுத்தது அங்கேதான்.

"வாசலையே மறைச்சிடுறேன்" என்றார் மகளிடம். "புத்தி தெளிஞ்சவனே என் கதவைக் கண்டுபிடிச்சதில்ல. இவ எந்த மூலைக்கு?"

காலையில் குளிப்பாட்டிவிட வருகிற பராமரிப்புக்காரியும் யோசனை சரிதான் என்றாள். பல வீடு பார்த்தவள், கையும் வாயும் பலமானவள். வாசலும் பிடியும் கண்ணில் படாவிட்டால் பாதிப் பேருக்குப் போகிற நினைப்பே வராது என்று சொல்லிவிட்டு, "ஆனா தீப்பிடிச்சா நான் எதைத் தள்ளணும்? அதை முதல்ல காட்டுங்கண்ணே. உங்க கலைக்காக நான் வேக முடியாது" என்றாள்.

கூடத்தின் ஒரு சுவர் முழுக்கப் பலகை அடித்தார். மர ரேகை ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து ஓடுகிற மாதிரி மெல்லிய மரத்தகடான வெனீரை ஒட்டினார். கீலை உள்ளே புதைத்தார், கதவடியில் வெளிச்சம் கசியாமல் ரப்பர் வைத்தார். முழங்கால் உயரத்தில் ஓரிடத்தை அழுத்தினால் மட்டும் திறக்கும். வேலை முடிந்ததும் பழைய பழக்கத்தில் மனைவியைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார்.

அவள் சுவரைப் பார்க்கவே இல்லை. போய் உள்ளங்கையை வைத்தாள், நடந்தாள், ஓரிடத்தில் நின்றாள். அங்கிருந்து விரல் கீழே இறங்கியது. கதவு திறந்தது, அவள் படியிறங்கிப் போய்விட்டாள். சுற்றுச்சுவர் கேட்டருகே ஓடிப் பிடித்தார்.

இடுக்கை இன்னும் நெருக்கினார். மேலே இரண்டாவது பூட்டு வைத்தார். அவள் கரண்டிக் காம்பால் வெனீரைக் கிளப்பி, அதையும் நெம்பித் திறந்து, தெருமுனைவரை போனாள். இஸ்திரி போடுகிறவர் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அழைத்துவந்ததோடு விடாமல் மகளுக்கும் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகிறது என்று மகள் சுருக்கமாக முடித்துக்கொண்டாள்.

அவர் மனைவியைத் திட்டினார். நோயாளியைத் திட்டினால் திட்டுகிறவருக்குத்தான் மூச்சு வாங்கும், அதுதான் நடந்தது. பராமரிப்புக்காரி துண்டைப் பிழிந்துகொண்டே, "அவங்க வாசலைத் தேடலண்ணே. வேலை பாக்குறாங்க. வேலை பாக்கிற எடத்துல கதவு தெறந்துக்குது, போயிடுறாங்க. நீங்க ஒரு தடவை என்ன ஏதுன்னு கேட்டீங்களா?" என்றாள்.

கேட்டதில்லை. அன்று மத்தியானம் கேட்டார். மனைவி கதவருகே அதே இடத்தில் நின்று நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள். வேலை கொடுத்த வீட்டின் சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, குரலைத் தாழ்த்தினாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்கய்யா. சரி பண்ணிடுறேன். அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"எதைச் சொல்லக் கூடாது?"

"கீல் ஒரு நூல் தள்ளி இருக்கு. அவரு எப்பவும் அப்படித்தான், அவசரக்காரரு. அவரு கெளம்பினப்புறம் நான் கழட்டி மாட்டிடுவேன்."

"எப்பவுமா? எல்லாக் கதவுலயுமா?"

"வக்கீல் வீட்டுல முழுசா கழட்டினேன். கையெல்லாம் கொப்புளம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். "கடைசி நாள் வந்து கண்டுபிடிங்கம்பாரு. சொல்லிட்டுப் போகட்டுமே. சோறு அதுலதானே வருது."

"அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கத்துவாரு. கத்தினா ரெண்டு நாள் வேலை நிக்கும்."

அன்போ, தியாகமோ எதுவும் அவள் பேச்சில் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவள் தூங்கப் போனதும் அவள் நின்ற இடத்தில் போய் நின்று, வாழ்நாளில் முதல் முறையாகத் தன் உள்ளங்கையை வைத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி இழுத்தார். வழவழவென்றுதான் இருந்தது. பிறகு அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒரு நூல் தள்ளித்தான் இருந்தது.

ஊரில் எத்தனை வீடு, எத்தனை சுவர். ஒரு கதவாவது அவர் மாட்டியபடியே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இனி வழியில்லை. தெரிந்த ஒரே ஆளிடம் கேட்டால் பாதியில் மறந்துபோவாள். இல்லாவிட்டால், மறக்காமல் பதில் சொல்லிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் இருந்தது. இந்தக் கதவை அவளிடமிருந்து மறைக்கிற அளவுக்கு இழைக்கத் தெரிந்த கை அவள் கை ஒன்றுதான். இது புரிந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை. மறுநாள் காலை திருப்புளியையும் இழைப்புளியையும் அவள் முன்னால் வைத்தார். "அவரு கெளம்பிட்டாரு. நீங்க ஆரம்பிங்கம்மா" என்றார்.

பேரப்பிள்ளையின் பெயரே மறந்துபோன அவளுக்குத் திருப்புளியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிந்திருந்தது. பராமரிப்புக்காரி திருகாணிகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றாள், மனைவி ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டாள். மனைவி கீலைக் கழற்றி, பழைய துளைகளை அடைத்து, நகர்த்தி மாட்டினாள். மரத்தூளையும் பசையையும் குழைத்துக் கரண்டித் தழும்பை நிரப்பினாள். உப்புத்தாள் தேய்த்தாள். சொல்லாமலே வேளைக்குச் சாப்பிட்டாள், படுத்ததும் தூங்கினாள். அந்தச் சில நாளும் வீட்டில் அலறல் இல்லை. அவர் எடுபிடியாக நின்றார். ஈரத்துணி கேட்டாள், கொடுத்தார். தப்பான பக்கம் மடித்துக் கொடுத்ததற்கு முறைப்பு வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் உள்ளங்கையைச் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக்கொண்டே நடந்தாள். எங்கும் நிற்கவில்லை. துணியை உதறி மடித்து வைத்துவிட்டுச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முடிந்த வேலையை அவள் எப்போதும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மகள் வந்தபோது அவர்தான் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே வந்ததும் சாத்தினார். மகள் திரும்பிப் பார்த்தாள், தேடினாள், தட்டினாள். வந்த வழி அவளுக்கே தெரியவில்லை. அம்மா அந்தப் பக்கமே போவதில்லை என்பதைப் பொழுது சாயும்வரை உட்கார்ந்து பார்த்தாள். பிறகு இல்லத்துக்குப் போன் போட்டுக் கட்டில் வேண்டாம் என்றாள்.

"இந்த வயசுலயும் கை தவறலப்பா உங்களுக்கு."

"நான் செய்யல. உங்கம்மா செஞ்சது" என்றார் அவர். "இது மட்டுமில்ல, எல்லாமே அவ செஞ்சதுதான்."

மகள் அவர் தோளைத் தட்டினாள். முடியாதவர்களிடம் இப்படித்தான் பேச வேண்டும், அதை அப்பா கற்றுக்கொண்டுவிட்டார் என்ற திருப்தி அவள் முகத்தில் தெரிந்தது. அம்மாவிடம் குனிந்து, "அப்படியாம்மா? நீயா செஞ்ச?" என்று குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

அவள் பதறிப்போனாள். "இல்லங்க, அவருதான். நான் தொடைக்கிறதுக்கு வந்தேன்" என்றாள்.

வாதாடினால் யார் நம்பப் போகிறார்கள்?

அதற்கப்புறம் அவள் வாசலைத் தேடவில்லை. எதையுமே தேடவில்லை. சுவருக்கு முதுகைக் காட்டிய நாற்காலியில், கையிரண்டையும் மடியில் கவிழ்த்து வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டால் மட்டும் லேசாக எழுந்துகொள்வாள்.

"அடுத்த வேலை எங்கங்கய்யா?" என்று கேட்பாள்.

"சொல்லி அனுப்புறேம்மா" என்பார் அவர்.