குடிலுக்கு விதைத்த கேழ்வரகு

திருவருகைக் காலம் தொடங்கியதும் வல்லம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு விதைப்பார்கள். கிறிஸ்துமஸுக்குள் முளைத்துவிடும். அப்படியே தூக்கிக் குடிலில் வைத்தால் குழந்தை இயேசுவுக்குப் புல்வெளி தயார். 1991இல் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு எட்டு வயது.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு நிற்காததால் அப்பாவும் மாமாவும் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். வண்டி ஏறும்போது, "தட்டு பச்சப்பசேல்னு இருக்கணும், இன்னா? நான் வந்து குடில்ல வெக்கிறேன்" என்றாள். அதை நான் ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டேன். தட்டு பச்சையானால் அம்மா வருவாள்.

விதைத்த மறுநாளே கோழி கிளறிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! அதைத் தெருக்கோடி வரை துரத்திவிட்டு, மறுபடி விதைத்து, தட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிக் கூடையால் மூடினேன். கூடையின் இடுக்கு வழியாகவே தண்ணீர் தெளித்தேன். அத்தனை சாமர்த்தியம். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு கூடையைத் தூக்கினால், எல்லாம் வெளிறி மஞ்சளாய்ப் படுத்துக் கிடந்தன. வெயில் வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? துணைக்கு இருந்த பெரியம்மாவிடம் காட்டி அழுதேன். "உடுடி, புல்லுதானே" என்றாள். புல்லா அது? என் அம்மா அது. சோறு இறங்கவில்லை. பச்சையாக்கு, பச்சையாக்கு என்று ஒரே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே கிடந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை எழுந்து பார்த்தால், தட்டு நிறையப் பச்சை! சாண் உயரத்துக்கு, ஈரம் சொட்டச் சொட்ட. முட்டி போட்டேன். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. பிடரி சிலிர்த்தது. கடவுளை அத்தனை பக்கத்தில் நான் அதற்குப் பிறகு உணர்ந்ததே இல்லை. கேழ்வரகு விதைத்த தட்டில் நெல் நாற்று நிற்கிறதே என்று விவசாயி மகளுக்குத் தோன்றவில்லை. தோன்றினால்தான் என்ன, சாமி கொடுப்பதில் குறை பார்ப்பார்களா?

திரும்பியபோது அப்பா நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வரை சேறு.

"அப்பா, சாமி வந்துச்சுப்பா! அம்மா இன்னிக்கே வந்துடும்!"

"வருதும்மா. மத்தியானம் வருது" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அடுப்படியில் பெரியம்மாவும் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று நினைத்தேன்.

புதுக் கவுன் போட்டுக்கொண்டு, தட்டை மடியில் வைத்து ரோட்டோரம் உட்கார்ந்தேன். வேன் வந்ததும் தட்டோடு ஓடினேன். "பச்சையாயிடுச்சும்மா! பாரும்மா!" கதவைத் திறந்த மாமா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அம்மா படுத்திருந்தாள். வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலமே அம்மா போய்விட்டாளாம். குழி வெட்டச் சொல்வதற்காக முதல் பஸ்ஸில் வந்த அப்பா, பெரியம்மா தட்டின் கதையைச் சொன்னதும் நேரே நாற்றங்காலில் இறங்கியிருக்கிறார். இதைப் பெரியம்மா என்னிடம் சொன்னது அப்பாவையும் அடக்கம் செய்த பிறகு. இப்போதும் ஒவ்வொரு டிசம்பரிலும் கோயிலில் முட்டி போட்டுக் காத்திருக்கிறேன். பின்னால் யாரும் வந்து நிற்பதில்லை.

அன்று கல்லறையிலிருந்து வந்ததும் தட்டைத் தூக்கிக் கிணற்றில் எறிந்தேன். "பொய் சொல்ற சாமி எனக்கு வாணாம். ஏமாத்திட்ட, என் மூஞ்சிலயே முழிக்காத" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் நின்ற அப்பா குனிந்து, கிணற்றில் மிதந்த நாற்றைப் பார்த்தார். சாமியைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.