குடியரசுத் தலைவருக்கு எழுதிய மனுக்கள்

எதிரே நீதிபதி இல்லாமல், வெறும் காகிதத்தை நம்பி ஓர் உயிருக்காக மன்றாடுகிற தொழில் கருணை மனு எழுதுவது. பாளையங்கோட்டையில் வக்கீலாகப் பல வருஷமாக இதைச் செய்கிறேன். பட்டாவுக்கோ பென்ஷனுக்கோ மனுப் போட்டுவிட்டுத் தபால்காரரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவர்களுக்கு என் பாடு எளிதில் புரியும்.

யார் காலில் விழுவது?

விக்கிரமசிங்கபுரம் இசக்கியம்மாள் மில் வேலை பார்த்து மகனை வளர்த்தவர். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அவன் ஒரே வீட்டில் மூன்று பேரை வெட்டிவிட்டான். உச்ச நீதிமன்றமும் தூக்கை உறுதி செய்தது; ஆளுநரும் கருணை காட்ட மறுத்துவிட்டார். "டெல்லிக்கு டிக்கெட் போடுங்கய்யா, ஜனாதிபதி கால்ல விழுந்து கேக்கேன்" என்று வந்து நின்றார்.

மனுதான் போட முடியும் என்றேன். மன்னிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருடையதுதான். ஆனால் மந்திரிசபை ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். மறுபடி யோசிக்கச் சொல்லி ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். அப்புறமும் அதே ஆலோசனை வந்தால் ஏற்றே தீர வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்புட்டுப் பெரியவுகளே அடுத்தவுக சொல்படிதான் கேக்கணும்னா, நான் யாரு கால்லய்யா விழ?"

இருபது பக்கம்

மனு போன மறுவாரம், வெட்டுப்பட்டவர்களில் ஒருவருடைய மனைவி பொன்னுத்தாய் வந்தார். சண்டைக்கு வரவில்லை. மன்னிக்கக் கூடாது என்று தானும் ஜனாதிபதிக்கு எழுதலாமா என்று கேட்டார். யாரும் எழுதலாம் என்று விலாசத்தைச் சொன்னேன். என் கட்சிக்காரருக்குப் பாதகம்தான், ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

அதை நிதானமாக எழுதிக்கொண்டு, என் மனு எத்தனை பக்கம் என்றார். இருபது என்றேன்.

"அதுல எங்க வீட்டாளு பேரு எத்தன எடத்துல வருது, வக்கீலய்யா?"

கடலுக்கு அந்தப் பக்கம்

அந்த நாட்களில்தான் காயல்பட்டினத்திலிருந்து காசிம் பாய் வந்தார். அவர் தம்பி வளைகுடா நாட்டில் அறைத் தோழரைக் கைகலப்பில் கொன்றுவிட்டு, தலை போகிற தண்டனையோடு சிறையில் இருந்தார். நம் ஜனாதிபதிக்கு மனு எழுதச் சொன்னார். அயல்நாட்டு நீதிமன்றத் தண்டனையில் நம் ஜனாதிபதியின் மன்னிப்பு செல்லாது. அந்த நாட்டுச் சட்டப்படி, இறந்தவர் குடும்பம் மன்னித்தால்தான் வழி என்றேன்.

இறந்தவர் மலையாளி. காசிம் பாய் அவர் வீட்டைத் தேடிப் போனார். மூன்று தடவை கதவு திறக்கவில்லை. நான்காம் தடவை இறந்தவரின் தாய் உள்ளே கூப்பிட்டு, மகனின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு மன்னிப்புக் கடிதத்தில் கைநாட்டு வைத்தார். காசிம் பாய் கடிதத்தை என் மேஜையில் விரித்து வைத்தார்.

"ஜனாதிபதிக்கு இல்லாத ஹக்கு, அந்த உரிமை, அந்தத் தாய்க்கு இருந்திச்சு சார். ஆனா அவங்க முகத்தப் பாக்க என்னால முடியல."

தேதி குறித்த பிறகு

இசக்கியம்மாளின் மனுவுக்கு வருஷக்கணக்கில் பதிலே இல்லை. ஒரு நாள் காலையில் நிராகரிப்பு வந்தது. பின்னாலேயே தூக்குத் தேதியும். சிறைக்கு ஓடினேன். மகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மைக்குத் தெரியுமா சார்?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து நானே அவருக்கு போன் செய்தேன்.

டெல்லியில் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி வழக்குப் போட்டோம். கருணை மறுக்கப்பட்டதை நாங்கள் கேள்வி கேட்கவில்லை. காரணமே இல்லாமல் கோப்பு இத்தனை காலம் கிடந்ததைத்தான் கேட்டோம். தேதி நிறுத்திவைக்கப்பட்டது. விசாரணை முடிகிற வரையில் இசக்கியம்மாள் தினமும் பஸ் ஏறி வந்து என் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தீர்ப்பன்று போன் வந்தது: தாமதத்துக்காகத் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். அவர் என்னை முறைத்தார்.

"அவுக மறுத்த பொறவும் ஒரு வாசல் இருக்குன்னு முன்னாலயே சொல்லியிருந்தா, நான் இத்தன வருசம் கொஞ்சமாவது ஒறங்கியிருப்பேம்லாய்யா!"

முடிவு சொல்ல அரசியல் சட்டம் குடியரசுத் தலைவருக்குக் கெடு எதுவும் வைக்கவில்லை. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போட மட்டும் டாக்டர் எனக்குக் கெடு வைத்திருக்கிறார், காலை ஒன்று, மாலை ஒன்று.