மாறிப்போன வசன அட்டை

வேதசிரோமணி தன் ஐம்பத்திரண்டு வயதில் திருடியது ஒரே ஒரு பொருள்தான். விசிட்டிங் கார்டு அளவு அட்டை. அதையும் சர்ச் வாசலில், புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு திருடினார்.

வருஷம் பிறந்தால் அந்தச் சர்ச்சில் ஒரு வழக்கம். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் வசன அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வருவதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு. அன்று பாடகர் குழு நண்பர் தயாளன் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "படிச்சு சொல்லு வேதம்" என்று தன் அட்டையை நீட்டினார்.

தயாளனுக்கு வந்திருந்தது நிலையான வீடு கிடைக்கும் என்கிற வாக்கு. வேதசிரோமணிக்கு வந்தது பொறுமையாகக் காத்திருக்கச் சொன்னது. சேலையூரில் பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப்போவதாகச் சொல்லி, மே மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி ஓனர் கெடு வைத்திருந்த நேரம் அது. பொறுமை யாருக்கு வேண்டும்? காத்திருக்கச் சொன்னதைத் தயாளனுடையது என்று வாசித்து அவர் கையில் கொடுத்தார். மற்றதைத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார். ஏதோ கைதவறி மாறிப்போனது என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். அப்படியெல்லாம் இல்லை, நன்றாகத் தெரிந்தேதான் செய்தார்.

தயாளனும் வீடு தேடிக்கொண்டிருந்தார். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, மனைவிக்கு முட்டிவலி. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் தயாளனின் ஸ்கூட்டரில் இருவரும் கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கரணையில் ஒரு வீட்டில் போன மழையின் கறை சுவரில் இடுப்புயரத்துக்கு நின்றது. திருநீர்மலைப் பக்கம் ஒருவர் மாதம் எத்தனை விருந்தாளி வருவார்கள் என்று கேட்டார். இன்னொருவர் இவர்கள் பெயரைக் கேட்டதுமே வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டது என்றார்.

நாலாம் மாதத்தில் ஒரு ஞாயிறு, தலைவலி என்று வேதசிரோமணி போகவில்லை. அன்று பார்த்து ராஜகீழ்ப்பாக்கத்தில் ஸ்கூட்டர் பஞ்சர். தயாளன் வண்டியை ஒரு கேட்டோரம் நிறுத்த, வீட்டுக்காரர் டு-லெட் போர்டோடு வெளியே வந்தாராம். போர்டைக் கட்டவே விடவில்லையாம். தரைத்தளம், நல்ல தண்ணீர், நியாயமான வாடகை, கேட்டருகே ஒரு முருங்கை வேறு.

வேதசிரோமணிக்கு வயிறு எரிந்தது. வீட்டில் மனைவி ஆஷாவிடம் அந்தத் தெருவில் கொசு அதிகம், மெயின் ரோடு இரைச்சல் என்று ஒரு வாரம் பேசிக்கொண்டே இருந்தார். ஜெபத்தில் ஆண்டவரிடமே நியாயம் கேட்டார். அட்டை என்னிடம் இருக்க, வீடு எப்படி அவனுக்குப் போனது? அப்படிக் கேட்டதற்கு அவர் வெட்கப்படக்கூட இல்லை.

மே முதல் வாரம் தயாளனின் புது வீட்டில் ஜெபம். ஹாலில் நுழைந்ததும் வேதசிரோமணியின் கால் நின்றுவிட்டது. அந்தப் பொறுமை அட்டை ஃபிரேம் போட்டுச் சுவரில் தொங்கியது. தயாளன் எழுந்து சாட்சி சொன்னார். மனம் விட்டுப்போன நாளில் எல்லாம் அந்த வசனம்தான் தாங்கியதாம், அதைத் தனக்கு வாசித்துக் காட்டியவர் வேதசிரோமணியாம். முடிவு ஜெபத்தையும் அவரையே செய்யச் சொன்னார். நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை. உருகிவிட்டார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

பந்தி நடக்கும்போது தயாளனைப் பின்பக்கம் தண்ணீர் மோட்டார் அருகே அழைத்துப்போய்ப் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். "இதுதான் உன்னுது. அன்னிக்கு மாத்திப் படிச்சுட்டேன். தெரிஞ்சேதான் படிச்சேன்" என்றார். உனக்கு வீடு கிடைத்தது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டார்.

தயாளன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். சிரித்து மன்னித்துவிடுவார் என்று வேதசிரோமணி எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தார்.

"நாலு மாசம் என் பின்னாடிதானே உக்காந்து வந்த" என்றார் தயாளன்.

உள்ளே போய் ஃபிரேமைக் கழற்றி, அட்டையை உருவிக்கொண்டு வந்து வேதசிரோமணியின் சட்டைப்பையில் வைத்தார். பிறகு சாப்பிடுகிறவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். கேட்டு வரை வந்து வழியனுப்பவில்லை.

தெருவில் இறங்கி வேதசிரோமணி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நல்ல வீடு. தயாளன் மனைவி இனி மாடி ஏற வேண்டாம் என்று நினைத்தபோது வயிறு எரியவில்லை. கூட வந்த ஆஷாவிடம் அதைச் சொல்லவும் செய்தார். பொறாமை போய்விட்டது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் பஸ் ஸ்டாப்பில் நின்றார். மாடம்பாக்கத்தில் ஒரு வீடு இருப்பதாகப் புரோக்கர் சொல்லியிருந்தார். தயாளனின் ஸ்கூட்டர் அவரைக் கடந்து போனது. பின் சீட் காலியாகத்தான் இருந்தது.