எறும்பு வந்துச்சா?

சென்ற குறுவை அறுவடையின்போது இந்தப் பத்தி சில வாரங்கள் வரவில்லை. "என்ன, கல்யாணமா?" என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். அந்த அளவுக்கு நல்ல செய்தி இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன் — வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொன்னது போல இருக்கும்.

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தஞ்சாவூரிலிருந்து குடவாசல் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன்.

2. ஊருக்குள் நுழைகிற வளைவில், பாதி ரோட்டுக்கு நெல் காயப்போட்டிருந்தது. சுற்றி வந்தேன். எதிரில் மினி பஸ். நெல் மேல் ஏறி ஒதுங்கினேன். பிரேக் பிடித்தேன்.

3. நெல் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது.

4. ஹெல்மெட் போட்டிருந்தேன். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது முகவாயை மூடாத ஹெல்மெட். முகவாய் நேராக ரோட்டில் இடித்து, கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்தது.

5. அந்த ரோட்டைப் போட்டது நான் வேலை பார்க்கும் கம்பெனி. கூட நின்று மேற்பார்வை பார்த்த இன்ஜினியர் நான்.

6. அந்த நெல், எங்கள் அப்பாவுடையது.

கடைசி இரண்டையும் படித்துச் சிரித்திருந்தால் தப்பில்லை. ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். ரோட்டில் நெல் போடாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி. வீட்டிலும் சொல்லியிருந்தேன்.

"நீ போட்ட ரோடுதாம்மா நல்லா சூடு புடிக்குது" என்பார் அப்பா. பாராட்டா, பதிலா? இன்றுவரை தெரியவில்லை.

அப்பா வீம்புக்காரர் இல்லை. வாலிபத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். இப்போது கொஞ்சம் சொந்தமும் கொஞ்சம் குத்தகையுமாகச் சாகுபடி செய்கிறார். அறுக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஈர நெல்லைக் கொள்முதலுக்கு எடுக்க மாட்டார்கள். ஊர்க் களத்தில் இடம் இல்லை. குவித்து வைத்தால் முளைத்துவிடும். மழை விட்ட அந்த ஒரு பகலில், ஊரே செய்ததைத்தான் அவரும் செய்தார்.

நான் விழுந்தபோது, நெல் தள்ளுகிற பலகையோடு அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். ஓடிவந்து தூக்கியவர் சொன்னது இதுதான்: "நெல்லு போனா போவுது பாப்பா, நீ எந்திரி... நீ எந்திரி."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுசன் வாயால 'நெல்லு போனா போவுது'ன்னு நான் கேட்டதில்ல" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி. முகம், தாடை எலும்புகளுக்கென்றே படித்த டாக்டர் — ஒரு பெண்; என்னைவிடக் கொஞ்சம் பெரியவராக இருக்கலாம். படம் போட்டுக் காட்டினார். இடது பக்கம் கோரைப்பல்லுக்குக் கீழே ஒரு உடைசல். வலது பக்கம் காதுக்கு முன்னால் இன்னொன்று. முகவாயில் அடிபட்டால் காதருகில் உடையுமா? உடையும். வாங்கிய விசை எங்கே போய் முடிகிறதோ, அங்கேயும் உடையும். ரோட்டுக்கு அடியில் கல்வெர்ட், சிறுபாலம் என்று கட்டுகிறவளுக்கு இது புரியாதா?

இடது பக்கத்தை வாய்க்குள்ளேயே கீறி, எலும்பைச் சேர்த்து, டைட்டானியம் தகடு வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். வலது பக்கத்தை அறுக்கவில்லை. மேல் வரிசைப் பல்லிலும் கீழ் வரிசைப் பல்லிலும் கம்பி கட்டி, இரண்டையும் ரப்பர் போட்டு இழுத்துப் பிடித்தார்கள். எலும்பு கூடும்போது பற்கள் பழையபடி ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டுமே, அதற்காக. எலும்பு கோணலாகக் கூடிவிட்டால், சோற்றை மெல்லுவதே ஆயுள் முழுக்கத் தொல்லையாகிவிடும்.

ரப்பரை வெட்ட ஒரு சின்னக் கத்தரிக்கோல் கொடுத்தார்கள். வாந்தி வந்தால் உடனே வெட்டிவிட வேண்டும் என்பதற்காக. அம்மா அதை ஒரு கயிற்றில் கோத்துத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டாள்.

முகவாய்க்கு அடியில் கிழிந்த இடத்தைக் கழுவித் தைக்கும்போது, உள்ளேயிருந்து இரண்டு நெல் எடுத்ததாக டாக்டர் சொன்னார். அப்பா தரையைப் பார்த்தார். அம்மாதான் பேசினாள்: "எடுத்தீங்களே புண்ணியமாப் போச்சு டாக்டரம்மா. இல்லன்னா இவ மூஞ்சியில முளைச்சிருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் என்ன வாங்கி வந்தார்கள்? ஆப்பிள். பல்லைக் கட்டிப் போட்டிருப்பவளுக்கு ஆப்பிள்! ஒரு மாமா முறுக்கே வாங்கி வந்தார். எதிர்வீட்டுச் செல்வி அத்தை முறுக்கைக் கடித்தபடியே என்னை விசாரித்துவிட்டு, "ஒத்த வார்த்த பேச முடியாதாமே? இப்பத்தான் உங்க வீடு வீடு மாதிரி இருக்கு" என்றார். பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. ரப்பர் விடவில்லை.

அம்மா எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டாள். இட்லியும் சாம்பாரும் ஒரு டம்ளர். சோறும் ரசமும் ஒரு டம்ளர். மீன் குழம்பை வடிகட்டியில் வடித்து... வேண்டாம், அதை விவரிக்க மாட்டேன்.

சில வாரங்கள் கழித்து ரப்பரைக் கழற்றினார்கள். "பல்லு முன்ன மாதிரி சேருதா?" என்றார் டாக்டர். சேர்ந்தது. எக்ஸ்ரே நன்றாக இருந்தது. வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. எல்லாம் சரி.

ஒன்றைத் தவிர.

காபி குடிக்கும்போது டம்ளர் உடைந்திருப்பதுபோல இருந்தது. விளிம்பு வலது பக்கம் மட்டும்தான் உதட்டில் படுகிறது. இடது பக்கம் டம்ளரே இல்லை. கீழ் உதட்டின் இடது பாதியும் அதற்குக் கீழே முகவாயும் மரத்துப் போயிருந்தன.

ரோடு தோண்டுகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. அடியில் கேபிள் போகும். ரோட்டை எவ்வளவு அழகாகப் போட்டு முடித்தாலும், மறுநாள் ஒருவர் வந்து "எங்க தெருவுல போன் வேலை செய்யல சார்" என்று நிற்பார். என் தாடைக்குள்ளும் ஒரு கேபிள் போகிறது — உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு. எலும்பு உடைந்த இடத்தில் அது இழுபட்டிருக்கிறது.

"அறுந்து போகல. நசுங்கி இழுபட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "இந்த மாதிரி உடைசல்ல இது சகஜம். மெதுவாத் திரும்ப வரலாம். சில பேருக்குக் கொஞ்சம் மரப்பு அப்படியே தங்கிடும். உங்களுக்கு எவ்வளவு வரும், எப்ப வரும்னு நான் சொல்ல முடியாதுங்க."

அன்றைக்கு அப்பா முதல் முறையாகக் கேள்வி கேட்டார். "வந்தா எப்படிங்க தெரியும்?"

"மொதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும் ஐயா. கை வெச்சுப் பார்த்தா ஒண்ணும் இருக்காது."

அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். மறுபடி நான் தஞ்சாவூருக்கு வேலைக்கு வந்த பிறகு, தினமும் காலையில் போன். "சாப்டியா"கூட அப்புறம்தான். முதல் கேள்வி: "பாப்பா, எறும்பு வந்துச்சா?"

"இல்லப்பா, இன்னும் வரல."

இதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்த ஆபீஸ் உதவியாளர் காந்திமதி அக்கா ஒருநாள் எறும்பு சாக்பீஸ் வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார். "வீட்ட சுத்தி கோடு போடும்மா, ஒண்ணும் அண்டாது."

"எனக்கு வரணும்க்கா" என்றேன்.

அதற்கப்புறம் ரெண்டு நாள் அவர் என் பக்கமே வரவில்லை.

மரத்துப் போனதில் வலி கிடையாது. அதுதான் சிக்கல். வலித்தால் நாலு பேர் வந்து பார்ப்பார்கள். மரத்துப் போனதற்கு யாரும் ஆப்பிள் வாங்கி வருவதில்லை. எனக்கே மறந்துவிடும். முகவாயில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கும், ரசம் வழிந்திருக்கும், நான் பாட்டுக்குச் சம்பா நிலவரம் பேசிக்கொண்டிருப்பேன்.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். வாய் திறக்காமல், தன் முகவாயை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவாள். நான் துடைத்துக்கொள்வேன். செல்வி அத்தைக்கும் பழகிவிட்டது. காந்திமதி அக்காவுக்கு விஷயத்தைச் சொன்ன பிறகு, ஆபீஸிலும் வந்துவிட்டது. தொல்லை என்னவென்றால், எங்கள் மேனேஜருக்குத் தாடி. யோசித்தால் தடவுவார். ஒரு மீட்டிங் முழுக்க நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். "என்னம்மா, வேர்க்குதா? ஏசிய கூட்டச் சொல்லவா?" என்று கேட்டார், மறுபடி தாடியைத் தடவிக்கொண்டே.

இதில் ஒன்று கவனித்தேன். ஒருவர் முகத்தில் சோறு ஒட்டியிருந்தால் தெரியாதவர்கள் சொல்ல மாட்டார்கள். மரியாதையாக வேறு பக்கம் பார்ப்பார்கள். சொல்வதற்கு ஓர் உரிமை வேண்டும். எனக்கு உரிமைப்பட்டவர்கள் யார் யார் என்று அந்த மாதங்களில் தெரிந்துபோனது.

வீட்டில் ஒருவர் மட்டும் காட்டவே இல்லை. அப்பா. என் முகவாயில் ஏதாவது ஒட்டினால் தன் தட்டைப் பார்ப்பார். நெல்லைப் போட்டவனுக்குச் சோற்றைக் காட்ட என்ன உரிமை என்று நினைத்தாரோ?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கொல்லைப்புறம் கரும்புக்கட்டு சாத்தியிருந்த இடத்தில் உட்கார்ந்து, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டே, வலப்பக்கம் உட்கார்ந்திருந்த செல்வி அத்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா வேகமாக வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வாயில் அழுத்தித் துடைத்தார்.

"என்னப்பா?"

துண்டைக் காட்டினார். செவ்வெறும்பு. ஒன்றல்ல. கடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. உதடு வீங்கியிருந்ததைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தேனே!

அப்பா கொல்லையைத் தாண்டி வயல் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு போனில் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. "சாப்டியா, வேல எப்படி, சரி வெச்சிடறேன்." ஊருக்குப் போனால் எனக்கு முன்னாலோ பின்னாலோ சாப்பிட்டார். கேட்டால் பசி இல்லை என்பார், பசித்தது என்பார். சம்பா நெல்லைக் களத்தில் முறை வரும்வரை காத்திருந்து காயவைத்தார். ரோட்டுப் பக்கம் ஒரு நெல்மணிகூடப் போகவில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் தினமும் "வரல, வரல" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது இருந்த தைரியம், கேட்க ஆள் இல்லாதபோது எனக்கு இல்லை. அவர் நம்பிக்கையை விட்டுவிட்டார் என்றால், நான் மட்டும் எதை வைத்துக் காத்திருப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை. முத்துப்பேட்டை இறால் கிடைத்ததென்று அம்மா தொக்கு வைத்திருந்தாள். அப்பா வழக்கம்போல நழுவப் பார்த்தார். "ஆறிப்போன எறால சூடு பண்ணிக் குடுக்க இங்க ஆளு கெடையாது. ரெண்டு பேரும் உக்காருங்க" என்றாள் அம்மா.

எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

இடது உதட்டுக்குக் கீழே ஏதோ ஊர்ந்தது. துடைத்தேன்.

கையில் ஒன்றும் இல்லை.

மறுபடி ஊர்ந்தது. மறுபடி துடைத்தேன்.

"எதுக்குடி சும்மா சும்மா தொடைக்கிற? நான் காட்டவே இல்லியே, சுத்தமாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

நிமிர்ந்தேன். அப்பாவின் கை தட்டில் அப்படியே நின்றிருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறும்பா?"

"தெரியலப்பா. எறும்பு மாதிரி இருக்கு."

எழுந்தார். இறால் தொக்கு ஒட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, என் முகவாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நெல்லில் பதர் பார்க்கிற மாதிரி. தட்டைச் சுற்றிப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என் துப்பட்டாவைக்கூட உதறச் சொன்னார்.

"எறும்பு இல்ல" என்றார்.

இன்னொரு தடவை, அம்மாவைப் பார்த்துச் சத்தமாக: "ஏய்... எறும்பே இல்லடி!"

எறும்பு இல்லாததற்கு ஒரு மனிதர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

டாக்டருக்கு அப்போதே போன் செய்தோம். "நல்ல அறிகுறிங்க. ஆனா முழுசா வந்துடும்னு இப்பவே சொல்ல மாட்டேன்" என்றார். அவர் எப்போதும் இப்படித்தான். அதனால்தான் அவரை நம்புகிறேன்.

இன்றைய நிலவரம்: உதட்டுக்குக் கீழே, ஒரு நெல் அகலத்துக்கு உணர்ச்சி வந்திருக்கிறது. மீதி அப்படியே மரத்துத்தான் இருக்கிறது. புதிதாக வாங்கியிருக்கும் ஹெல்மெட் முகவாயையும் மூடுகிறது. நேற்று ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிடும்போது முகவாயில் பருக்கை ஒட்டியிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த அப்பா, தன் முகவாயைத் தொட்டுக் காட்டினார்.